முதலில் வேலை, பிறகு பூட்டு

உறுப்பினர் விடுதி, தலைநகரம்
மார்ச் 4

அன்புள்ள பாப்பா,

நேற்றிலிருந்து உனக்குப் பலமுறை போன் செய்துவிட்டேன். மணி அடிக்கிறது, அப்புறம் துண்டாகிறது. கடைசியில் மாடியிலிருக்கும் உன் அண்ணனைக் கூப்பிட்டு, கீழே இறங்கிப் போய் உன்னைப் பார்க்கச் சொன்னேன். போய்விட்டு வந்து, "அவ கதவத் திறக்கல. உள்ள பாத்திரம் விழற சத்தம் மட்டும் கேக்குது" என்றார். பாத்திரம் விழவில்லை, எறியப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இத்தனை வருடமாகிறது, உன் கோபத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா? கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன். கிழிக்கலாம். கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடு.

ஆமாம், தூய எரிசக்தி மசோதாவை அவையில் வைத்தது நான்தான். நாட்டிலுள்ள நிலக்கரி மின்நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும், அவற்றின் இடத்தைக் காற்றாலையும் சூரிய மின்சாரமும் பேட்டரிகளில் மின்சாரத்தைத் தேக்கும் மின்சேமிப்புக் கூடங்களும் எடுத்துக்கொள்ளும் என்கிறது மசோதா. முதலில் மூடப்படும் வரிசையில் நம் ஊர் நிலையமும் இருக்கிறது. என்னைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஊர். என் நாத்தனார் கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்ட் பொறுப்பாளராகவும் தொழிற்சங்கச் செயலாளராகவும் இருக்கிற நிலையம். இது தெரியாமல் நான் கையெழுத்துப் போடவில்லை.

அவையில் வைக்கும்வரை மசோதாவைப் பற்றி வெளியே வாய் திறக்கக் கூடாது என்பது விதி. டிவியில் பார்த்து நீ தெரிந்துகொள்ள நேர்ந்ததில் எனக்கும் வருத்தம்தான்.

ஏன் கொண்டுவந்தேன் என்பதை மட்டும் கேள். நான் உறுப்பினரான முதல் வருடம் வெள்ளம் வந்து ஆற்றுப் பாலத்தைக் கொண்டுபோனது. நிவாரணம் கேட்டு மனு எழுதினேன். அடுத்த வருடம் அதே ஆறு வற்றிக் கிடந்தது. தண்ணீர் லாரி கேட்டு மனு எழுதினேன். போன வருடம் வெயிலில் சுருண்டு விழுந்தவர்களுக்கு மருத்துவமனையில் படுக்கை கேட்டு எழுதினேன். ஆளுக்கொரு மனு எழுதிக்கொண்டிருக்கவா நீங்கள் என்னை அனுப்பினீர்கள்? புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டே இருக்கலாம், முள்ளை எப்போது எடுப்பது?

மசோதாவின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் படித்துவிட்டுத் திட்டு.

உன் அண்ணி


மார்ச் 12

மாண்புமிகு உறுப்பினர் அவர்களுக்கு,

படித்துவிட்டுத் திட்டச் சொன்னீர்கள். படித்துவிட்டேன்.

முதலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேன்டீனில் தட்டோடு வரிசையில் நிற்கிறேன். டிவியில் உங்கள் முகம். யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். நம் நிலையத்தின் பெயரை நீங்கள் வாசித்ததும் கேன்டீனில் இருந்த அத்தனை தலைகளும் டிவியை விட்டு என் பக்கம் திரும்பின. பாய்லர் ஃபிட்டர் ஒருவர் இருக்கிறாரே, எந்தக் கெட்ட செய்தி வந்தாலும் முதல் ஆளாக நெஞ்சை நிமிர்த்தி வாங்கிக்கொள்பவர், நாங்கள் இடிதாங்கி என்று கூப்பிடுவோம். அவர் எழுந்து வந்து என் எதிரே நின்றார். "உங்க அண்ணி ரொம்ப நல்லாப் பேசுறாங்க. நமக்குச் சங்கு ஊதறதக்கூட எவ்வளவு ராகமா ஊதறாங்க" என்றார். தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தேர்தலின்போது குடியிருப்பில் ஒவ்வொரு கதவாகத் தட்டியது யார் என்று நினைவிருக்கிறதா? நான். எங்க அண்ணி போனா நம்ம குரல் அங்க கேக்கும் என்று சொன்னது யார்? நான்தான். இப்போது அதே கதவுகள் என்னைப் பார்த்தால் சாத்திக்கொள்கின்றன. அண்ணனின் மெக்கானிக் கடைக்கு வண்டிகள் வருவது நின்றுவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் நம் கடையைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடையில் கொண்டுபோய் விடுகிறார்கள். அண்ணனோ துடைத்த ஸ்பேனரையே மறுபடி துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் பேசும்போது எனக்குத் தலையாட்டுகிறார், போனில் உங்களுக்குத் தலையாட்டுகிறார். போனில் தலையாட்டினால் தெரியாது என்றுகூட அந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை.

இப்போது மசோதாவுக்கு வருகிறேன். காற்றாலைக்கு எத்தனை பக்கம், வரிச்சலுகைக்கு எத்தனை பக்கம். எங்களுக்கு ஒரே ஒரு வரி. "பணியாளர் நலன் உரிய முறையில் கருதப்படும்." கருதப்படும்! யார் கருதுவார்? எங்கே உட்கார்ந்து கருதுவார்? டீ குடித்துக்கொண்டே கருதிவிட்டு, கருதியாயிற்று என்று எழுந்துபோனால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? நீங்கள் வக்கீலாக இருந்தவர். வாடகை ஒப்பந்தத்தில் இப்படி ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போட விடுவீர்களா?

உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், எனக்கு எந்த விதியும் வாயைக் கட்டவில்லை. வரும் திங்கட்கிழமை கேட் வாசலில் போராட்டம். தலைமை தாங்குவது நான்.

இப்படிக்கு,
தொழிற்சங்கச் செயலாளர்


மார்ச் 21

அன்புள்ள பாப்பா,

செயலாளர் என்று கையெழுத்துப் போட்டாலும் எனக்கு நீ பாப்பாதான். உன் போராட்டத்தை டிவியில் பார்த்தேன். "உறுப்பினரே திரும்பி வராதே" என்ற பலகையை யார் எழுதினார்களோ, கையெழுத்து அருமை. உன் அண்ணன் கையெழுத்து மாதிரியே இருந்தது. போனில் கேட்டேன். தலையாட்டியிருப்பார், ஒன்றும் கேட்கவில்லை.

சிரித்தேன் என்று நினைக்காதே. அதற்குப் பிறகு வெகுநேரம் அறையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் கேள்வி நியாயமானது. நான் எழுதிய வரைவில் "உறுதிசெய்யப்படும்" என்றுதான் இருந்தது. நிதித்துறை அதைக் "கருதப்படும்" என்று மாற்றியது. சண்டை போட்டேன். இதை ஒப்புக்கொள்ளாவிட்டால் மசோதா இந்த வருடம் அவைக்கே வராது என்றார்கள். மசோதா வெளியே வரட்டும், உள்ளே இருப்பதைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தேன். நீ என் இடத்தில் இருந்தால் வேறு மாதிரி செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் இடத்தில் நான்தான் இருந்தேன்.

இப்போது நீ ஒன்றைக் கேள். மசோதாவைத் தோற்கடித்துவிட்டாய் என்றே வைத்துக்கொள். அப்புறம்? அந்த நிலையத்தின் கம்பெனிக்காரர்கள் இரண்டு வருடமாகப் புது பாகம் எதுவும் வாங்கவில்லை என்று நீதானே சொன்னாய். வெளிநாட்டில் காற்றாலைப் பங்குகளை வாங்கிக் குவிப்பதும் அவர்கள்தான். லாபம் நிற்கிற அன்றைக்குக் கேட்டில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அப்போது மூடச் சொல்லும் சட்டமும் இருக்காது, உங்களைக் காப்பாற்றும் சட்டமும் இருக்காது.

வேண்டாம் என்று கோஷம் போடுவது எளிது, பாப்பா. என்ன வேண்டும் என்று எழுது. நீயும் உன் ஆட்களும் உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள். அதை அவையில் வைக்க நான் இருக்கிறேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் போடுவதில்லை என்றுதான் இருந்தேன். எழுத வைத்தது வெயில்.

செய்தியில் பார்த்திருப்பீர்கள். செய்தியில் வராததை நான் எழுதுகிறேன். போன புதன்கிழமை பிற்பகல் ஷிஃப்டில் நான் இருந்தேன். ஆறு அதற்கு முந்தின வாரமே இறங்கிப் பாறைகள் தெரிய ஆரம்பித்திருந்தன. எங்களுக்கு ஆற்றுத் தண்ணீர்தான் உயிர். டர்பைனைச் சுற்றிவிட்டு வருகிற நீராவியை அதுதான் குளிர்விக்க வேண்டும். அன்றைக்கு உள்ளே வந்த தண்ணீரே வெந்நீராக இருந்தது. ஊர் முழுக்க மின்விசிறியும் ஏசியும் முழு வேகத்தில் ஓடுகிற நேரம். தலைநகரக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து இன்னும் கொடு, இன்னும் கொடு என்று போன் மேல் போன். நானோ உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வருகிறேன்.

மின்சாரம் செய்கிற மூன்று யூனிட்டுகளில் முதலில் இரண்டாவது தானாக நின்று விழுந்தது. அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறியதும் மூன்றாவதும் முதலாவதும் விழுந்தன. கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. அலாரம் ஒன்றை அணைத்தால் இன்னொன்று கத்தும். என்னோடு இருந்த மூன்று பேரும் அவரவர் செய்யவேண்டியதைத் தவறில்லாமல் செய்தார்கள். யார் மேலும் ஒரு குறை சொல்ல முடியாது. அதுதான் அண்ணி, என்னைப் போட்டு அடித்தது. எல்லோரும் எல்லாம் சரியாகச் செய்தும் ஊர் இருண்டுபோனது.

மருத்துவமனை ஜெனரேட்டரை வைத்துச் சமாளித்தது. குடிநீர் ஏற்றும் பம்புகள் நின்றுவிட்டன. குடியிருப்பில் எங்கள் ஆட்களின் பிள்ளைகள் நனைத்த துண்டைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். மின்சாரம் செய்கிறவன் வீட்டில் மின்சாரம் இல்லை.

ஷிஃப்ட் முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. போராட்டத்துக்குக் கட்டிய அதே பந்தலின் கீழ் உட்கார்ந்தோம். இடிதாங்கிதான் முதலில் பேசினார். "இந்த நிலையத்த மூடப் போறது உங்க அண்ணின்னு நெனச்சேன். அவங்களுக்கு முன்னாடி வெயில் வந்து நிக்குது. வெயில்கிட்ட பேச்சுவார்த்தை நடத்த முடியாது. உங்க அண்ணிகிட்ட நடத்தலாம்" என்றார்.

அதன்பிறகு நாள்கணக்கில் எங்களுக்குள் பேசினோம், கத்தினோம், ஒருவர் நாற்காலியை உடைத்தார். முடிவு இது. நிலையத்தில் எந்த யூனிட்டையும், அதில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இதே ஊரில், இதே ஊதியத்தில் புது வேலை தயாராகிக் கையில் கிடைக்கும்வரை மூடக் கூடாது. முதலில் வேலை, பிறகு பூட்டு. இது பேச்சில் வேண்டாம், சட்டத்தில் வேண்டும். மின்சேமிப்புக் கூடத்தை எங்கோ பொட்டல்காட்டில் கட்டாமல் எரித்த நிலக்கரியைக் கொட்டிவைத்த எங்கள் சாம்பல் மேட்டைச் சமன்செய்து அங்கே கட்டட்டும். தலைநகரம்வரை போகிற மின்கம்பிகள் இங்கே ஏற்கனவே நிற்கின்றன.

என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னீர்கள். எழுதிவிட்டேன். இனி பந்து உங்கள் பக்கம்.

பாப்பா


ஏப்ரல் 27

அன்புள்ள பாப்பா,

கடிதத்தின் கடைசியில் பாப்பா என்ற உன் கையெழுத்தைப் பார்த்தேன். அதற்கே ஒரு சுற்று அழுதுவிட்டுத்தான் வேலைக்கு உட்கார்ந்தேன். சரி, அதை விடு.

உங்கள் வாசகத்தை ஒரு சொல்கூடக் குறைக்காமல் சட்டத் தமிழில் எழுதினேன். பிரிவு பதினான்கு. எடுத்துக்கொண்டு நேராக எரிசக்தி அமைச்சரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அப்படி வைத்தால் முடியாது என்று அர்த்தம். "ஒரு ஊருக்குக் கொடுத்தா எல்லா ஊரும் கேக்கும்மா" என்றார். கேட்கட்டும் என்றேன், கேட்பதற்குத்தானே சட்டம் என்றேன். கட்சியின் ஆதரவு இந்தத் திருத்தத்துக்கு இல்லை, கொறடாவின் உத்தரவை மீறினால் அடுத்த தேர்தலில் என் பெயர் பட்டியலில் இருக்காது என்பதை மிகவும் மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்தப் பிரிவு இல்லாத மசோதாவுக்காக அவையில் எழுந்து நின்று பேச இனி என் நாக்கு ஒத்துழைக்காது. திருத்தத்தை என் பெயரிலேயே கொடுத்துவிட்டேன்.

மசோதாவை ஆராயும் தேர்வுக்குழு அடுத்த மாதம் சாட்சிகளை விசாரிக்கிறது. கம்பெனி முதலாளிகள் வருகிறார்கள், பேராசிரியர்கள் வருகிறார்கள். நீ வா. நாத்தனாரைச் சாட்சிக்கு அழைத்த முதல் அண்ணி நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் எல்லாம் நாத்தனாருக்கு எதிராகத்தான் சாட்சி தேடுவார்கள்.

உன் அண்ணி


மே 9

அண்ணிக்கு,

சங்கத்தில் ஓட்டுக்கு விட்டோம். என்னை அனுப்பலாம் என்று முடிவாகியிருக்கிறது. எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். நான் குடும்பத்துக்கு விலைபோய்விட்டேன் என்று கூட்டத்திலேயே சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன்.

வருகிறேன். ஆனால் விடுதியில் உங்கள் அறையில் தங்க மாட்டேன், சங்கம் ஏற்பாடு செய்த இடத்தில் தங்குவேன். குழுவில் உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார மாட்டேன். மசோதாவில் எனக்குப் பிடிக்காததை உங்கள் எதிரிலேயே சொல்வேன். நீங்கள் முகத்தைச் சுளிக்கக் கூடாது. நீங்கள் முகம் சுளித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், காரியம் கெட்டுவிடும்.

அண்ணன் தன் நல்ல சட்டையை எடுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் கூப்பிடவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்.

பாப்பா


ஜூன் 3

அன்புள்ள பாப்பா,

உன்னையும் உன் அண்ணனையும் ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தால், என் அறை வாசலில் யார் காத்திருந்தார் தெரியுமா? கடிகாரம்.

உன்னிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாரே, எதிர்க்கட்சியின் மூத்தவர், அவரை அவையில் அப்படித்தான் சொல்வோம். யார் பேசினாலும் மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்ப்பார். சுரங்க மாவட்டத்துக்காரர். இந்த மசோதாவைப் புதைப்பேன் என்று பத்திரிகைகளுக்குச் சொல்லிவைத்திருந்தவர். உன்னை வைத்தே என்னை வீழ்த்திவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சுத்தி வளைக்க வேணாம்மா. உங்க அண்ணியோட மசோதா உங்க வேலையப் பறிக்குமா, பறிக்காதா?"

நீ தண்ணீர் குடித்தாய். டம்ளரை வைத்தாய்.

"இப்ப இருக்கிற மாதிரியே நிறைவேறினா பறிக்கும் ஐயா. நிறைவேறாமப் போனாலும் பறிக்கும். பிரிவு பதினாலோட நிறைவேறினா மட்டும்தான் என் வேலை எனக்கு இருக்கும். அதனால நான் மசோதாவ எதிர்க்க வரல, முழுசாக் கேக்க வந்திருக்கேன்."

அவர் அதற்குப் பிறகு மணிக்கட்டைத் திருப்பவில்லை, கவனித்தாயா? என் வாசலில் நின்றுகொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பிரிவு மின்நிலையங்களுக்கு மட்டும்தானா, சுரங்கத்துக்கும் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும்படி எழுதிவிடுகிறேன் என்றேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

குழு முடிந்து வெளியே வந்ததும் நீ என் கையைப் பிடித்தாயே, உன் கை ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே இருந்தபோது யாருக்கும் அது தெரியவில்லை. எனக்கும்கூட.

அண்ணி


ஜூலை 18

என் பாப்பா,

ஜெயித்துவிட்டோம்.

டிவியில் பார்த்திருப்பாய். ஆனாலும் நானே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

காலையில் அவை நிரம்பி வழிந்தது. அமைச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாள் மாலைவரை என் கட்சியிலேயே பத்துப் பதினைந்து பேர்தான் திருத்தத்துக்குச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். பேச எழுந்தபோது எழுதி வைத்திருந்த பேச்சை மேசையிலேயே விட்டுவிட்டேன். உங்கள் கன்ட்ரோல் ரூமைத்தான் பேசினேன்.

அவைத்தலைவர் அவர்களே என்று ஆரம்பித்து, ஏப்ரலில் ஒரு பிற்பகல் என் ஊர் இருண்டதைச் சொன்னேன். அங்கிருந்த தொழிலாளர் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை என்றேன். தவறு செய்தது இந்த அவை, முப்பது வருடமாக வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு அடுத்த கூட்டத்தொடருக்குத் தள்ளிக்கொண்டே வந்தது என்றேன். பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், காத்த வித்தா சம்பளம் கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சிரிப்பை வாங்கினார். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"நிலக்கரி ஒருநாள் தீர்ந்துபோகும். காத்துக்கும் வெயிலுக்கும் நம்மகிட்ட யாரும் விலை கேக்கப் போறதில்ல. இந்த நாட்டுக்கு வெளிச்சம் கொடுத்த கைகளுக்கு நாம என்ன கொடுக்கப் போறோம்கிறதுதான் இன்னிக்குக் கேள்வி. அவங்க கேக்கிறது தர்மம் இல்ல, வரிசை. முதலில் வேலை, பிறகு பூட்டு. இந்த வரிசையச் சட்டமாக்க முடியாதுன்னா, நாம இங்க உக்காந்திருக்கிறது எதுக்கு?"

உட்கார்ந்துவிட்டேன்.

வாக்கெடுப்பில் ஆதரிப்பவர்கள் வலது வாசல் வழியாகப் போக வேண்டும். நான் முதலில் போய் நின்று திரும்பிப் பார்த்தேன். என் கட்சியில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொறடா வாசலை மறிக்காத குறை. ஆனாலும் போதாது, கண்ணாலேயே எண்ணிவிட்டேன், போதாது. அப்போது எதிர்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம். கடிகாரம் எழுந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அவையை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத் தனியாக நடந்து கடந்தார். அவர் பாதி தூரம் வருவதற்குள் அவருக்குப் பின்னால் சுரங்க மாவட்டத்து உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வலது வாசலில் இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். அமைச்சர்கூடக் கடைசியில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஜெயிக்கிற பக்கம் எது என்று பார்ப்பதற்குத்தான் கண்ணாடி போலிருக்கிறது.

திருத்தம் நிறைவேறியது. அதைச் சேர்த்துக்கொண்டு மசோதாவும் நிறைவேறியது. பிரிவு பதினான்கு இப்போது இந்த நாட்டின் சட்டம்.

வெளியே வந்ததும் கடிகாரம் என்னை நிறுத்தினார். "உங்க நாத்தனாரை எங்க ஊருக்கு ஒருதடவை அனுப்புங்கம்மா. எங்க ஆளுங்க நான் சொன்னா நம்ப மாட்டாங்க" என்றார். அனுப்புகிறேன், ஆனால் அவள் என் பேச்சைக் கேட்க மாட்டாள், நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

பட்டியலில் என் பெயர் இருக்குமா இருக்காதா தெரியாது. இன்றைக்கு அதைப் பற்றிக் கவலையே வரவில்லை, பாப்பா.

அண்ணி


ஜூலை 20

அன்புள்ள அண்ணி,

கேன்டீனில் அன்றைக்கு யாரும் சாப்பிடவில்லை. நீங்கள் "ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை" என்று சொன்னபோது என்னோடு அந்த ஷிஃப்டில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து கைகழுவப் போனார். சாப்பிடாமலே கைகழுவப் போனார்.

அந்தப் பெரியவர் எழுந்து நடந்தபோது இடிதாங்கி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிவை வாசித்ததும் கூச்சல் கூரையைத் தூக்கியது. என்னைத் தோளில் தூக்க வந்தார்கள், இடுப்பு பிடித்துக்கொள்ளும் என்று தடுத்துவிட்டேன். சங்கக் கூட்டத்தில் என்னை விலைபோனவள் என்று சொன்னவர் வந்து, என் டீக்குத் தானே சர்க்கரை போட்டுக் கலக்கிக் கொடுத்தார். எனக்குச் சர்க்கரை ஆகாது. குடித்துவிட்டேன்.

மாலையில் அண்ணனின் கடை முன்னால் வண்டிகள் தெருமுனைவரை நிற்கின்றன. பாதிக்கு மேல் வண்டியில் ஒரு பழுதும் இல்லை. அண்ணன் அதையெல்லாம் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை கழற்றி மாட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சீக்கிரம் வாருங்கள்.

பாப்பா


மே 16, அடுத்த வருடம்

அன்புள்ள அண்ணி,

பட்டியலில் உங்கள் பெயரும் வந்து, தேர்தலும் முடிந்து இரண்டாம் முறையாகப் பதவியேற்றிருக்கிறீர்கள், வேலை தலைக்கு மேல் இருக்கும். போனில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன்.

தை பிறக்கும் முன்பே கம்பெனிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள், உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். சேமிப்புக் கூடம் முடிவதற்குள்ளேயே முதல் யூனிட்டை மூடுவதாகக் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். முன்பென்றால் நாங்கள் பந்தல் போட்டிருப்போம். இந்தமுறை பந்தல் இல்லை. சட்டப் புத்தகத்தில் பதினான்காம் பிரிவைப் பிரித்துவைத்துக்கொண்டு தொழிலாளர் ஆணையர் அலுவலகத்துக்குப் போனோம். அந்த வாரத்திலேயே நோட்டீஸை ஒட்டிய ஆளே வந்து கிழித்தார். கட்டட வேலை இரட்டை வேகத்தில் நடந்தது. வேலையைக் கொடுத்தால்தான் பூட்டலாம் என்றதும் அவர்களுக்கு எங்கள் மேல் அப்படி ஒரு அக்கறை வந்துவிட்டது.

சாம்பல் மேடு இருந்த இடத்தில் இப்போது வெள்ளை வெளேரென்று நீளக் கூடங்கள் நிற்கின்றன. முதல் யூனிட்டின் ஆட்கள் எல்லோரும் பயிற்சி முடித்து அங்கே போனார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும்தான், ஓய்வுக்கு ஒரு வருடமே இருந்தவர் உட்பட. அவர்கள் அங்கே முதல் சம்பளம் வாங்கிய பிறகுதான் அந்த யூனிட்டை நிறுத்தினோம். இடிதாங்கிக்குக் கூடத்தின் குளிரூட்டும் பிரிவில் வேலை. அவருக்கு ஒரே குறைதான். "சத்தமே இல்லாத எடத்துல மனுஷன் எப்படிம்மா வேலை பாக்கிறது? தூக்கம் தூக்கமா வருது" என்கிறார்.

நேற்றுதான் இந்த வருடத்தின் மிக மோசமான வெயில். ஆறு மறுபடி இறங்கிவிட்டது. மீதி இருக்கிற இரண்டு நிலக்கரி யூனிட்டுகளையும் பாதிக்குக் குறைத்து ஓட்ட வேண்டியிருந்தது. பகல் முழுக்கச் சூரிய மின்சாரம் தாங்கியது, சேமிப்புக் கூடமும் நிறைந்தது. எனக்குப் பயம் மாலையைப் பற்றித்தான். சூரியன் இறங்குகிற நேரத்தில்தான் எல்லா வீட்டிலும் எல்லாமும் ஓடும். தலைநகரத்திலிருந்து, "தாங்குமா?" என்று கேட்டார்கள். தாங்கும் என்று சொல்லிவிட்டு நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளிச்சம் மங்க மங்க சூரிய மின்சாரத்தின் கோடு திரையில் கீழே இறங்கியது. கூடத்துக்கு உத்தரவு கொடுத்தேன். அதன் கோடு மேலே ஏறியது. இரண்டும் ஒன்றையொன்று கடந்து போயின. நடுவில் ஊரின் கோடு மட்டும் அப்படியே நேராக நின்றது. கடல்பக்கத்துக் காற்றாலைகளும் எழுந்துகொண்டன. ஜன்னல் வழியாகப் பார்த்தேன், தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. மருத்துவமனை மாடி முழுக்க வெளிச்சம். கன்ட்ரோல் ரூமில் ஒரு சிவப்பு விளக்கு எரியவில்லை, ஒரு அலாரம் கத்தவில்லை.

அலாரச் சத்தமே கேட்காததில் பயந்துபோய், இடிதாங்கி கூடத்திலிருந்து ஓடிவந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூச்சிரைத்தது. "என்னம்மா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகல" என்றேன்.

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு கைதட்ட ஆரம்பித்தார். அறையில் இருந்த எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். கதவு திறந்திருந்ததால் வராந்தாவில் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்ன ஏது என்று தெரியாமலே படிக்கட்டிலும் முற்றத்திலும் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்றும் நடக்காததற்கு இத்தனை பேர் கைதட்டி நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அதில் பாதி உங்களுக்குச் சேர வேண்டியது, அண்ணி. மீதியை நான் வைத்துக்கொண்டேன்.

உங்கள் பாப்பா